ஒன்றரை மைக்ரான்

அந்தத் தொழிற்சாலையில் வைரம் வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். அப்படிச் சொல்லித்தான் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வைரக்காரி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வாசல் காவலரிலிருந்து லாரி ஓட்டுநர் வரை யாருக்கும் அவள் சொந்தப் பெயர் தெரியாது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ. வைரம் என்றால் காதிலும் கழுத்திலும் மாட்டுகிற வைரம் இல்லை. கடுகில் பாதிகூட வராத ஒரு துண்டு. நாலு பட்டை தீட்டிக் கூர் செய்து, இயந்திரத்தின் கீழ்நுனியில் பதித்திருந்தார்கள். அதுவும் கம்பெனிக்குச் சொந்தம்.

அந்த வைரத்தால் இரும்பைக் குத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தாள். உலையில் வெந்து வரும் கியரில் ஒரு பல்லை வெட்டி எடுப்பாள். கருப்புப் பொடிக்குள் அதை வைத்துச் சூடுபடுத்தி அழுத்தினால், பல் உள்ளே புதைந்த பில்லை ஒன்று கிடைக்கும். பில்லையின் முகத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு அடுத்தது, அதற்கும் அடுத்தது. தாள் மாறும்போதெல்லாம் பில்லையைக் குறுக்கே திருப்பி, முந்தின தாள் போட்ட கீறல் மறைகிற வரை தேய்ப்பாள். கடைசியில் துணிச் சக்கரத்தில் வைரப் பசை. முகம் பார்க்கலாம் போல ஆனதும் இயந்திர மேடையில் ஏற்றி, முந்நூறு கிராம் எடையில் வைரத்தை இறக்கி, பதினைந்து வினாடி எண்ணித் தூக்குவாள். இரும்பில் ஒரு சதுரக் குழி விழுந்திருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாத குழி. நுண்ணோக்கியில் வலது கண்ணை வைத்து, குழியின் இந்த மூலைக்கு ஒரு கோடு, எதிர்மூலைக்கு ஒரு கோடு என்று திருகிப் பொருத்தி, திருகில் உள்ள அளவை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்த கணக்கில், படிப்பாள். குழி பெரிதானால் இரும்பு மெது, சிறிதானால் கெட்டி. அந்த அளவை அட்டவணையில் பார்த்தால் கெட்டிக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த வித்தையில் வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

கியருக்கு வெளித்தோல் கெட்டியாகவும் உள்ளே கொஞ்சம் இளக்கமாகவும் இருக்க வேண்டும். முழுக்கக் கெட்டியானால் உடையும், முழுக்க இளக்கமானால் தேயும். பல்லின் ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகப் பத்துப் பன்னிரண்டு குழிகளை வரிசையாகக் குத்திப் பார்ப்பாள். கெட்டி எந்த இடத்தில் ஐந்நூற்றைம்பதுக்குக் கீழே இறங்குகிறதோ, அதுவரை தோல். அந்தத் தோலின் கனம் பாயின்ட் எட்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவில் இருந்தால் சரக்கு போகலாம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் பெரிய சம்மட்டி இயந்திரம். அது ஓர் அடி போட்டால் இவள் மேசையில் தண்ணீர் டம்ளர் ஆடும். வைரம் இரும்பில் இறங்கி நிற்கிற பதினைந்து வினாடிக்குள் ஓர் அடி விழுந்தால் குழி பெருத்துவிடும், எண் பொய்யாகிவிடும். அதனால் சம்மட்டிக்காரர்கள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரம்தான் அவளுக்கு உருப்படியான நேரம். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். சம்மட்டி நிற்கும். இவள் குத்த ஆரம்பிப்பாள். ஊரெல்லாம் சாப்பிட்டுக் கைகழுவி வந்தபிறகு தன் டப்பாவைத் திறப்பாள். அறுபது தப்படி தள்ளி உலையில் வேலை செய்தவர் அவள் கணவர்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு வேலைநாளில்கூட இருவரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், அதை அவர்கள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அவரை அடுப்புக்காரர் என்பார்கள். கியர்களைக் கூடையில் அடுக்கி உலைக்குள் தள்ளி, கரி ஏறுகிற வாயுவைத் திறந்துவிட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து எண்ணெயில் இறக்குவார். ஒவ்வொரு சரக்குக்கும் முன்னால் ஒரு கியரை மட்டும் வெள்ளோட்டமாக வேகவைத்து அவளிடம் அனுப்புவார். தோல் கனம் எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியே அவள் நீட்டுவாள். கனம் கூடினால் அவர் நேரத்தைக் குறைப்பார், குறைந்தால் கூட்டுவார். அதன்பிறகு சரக்கிலிருந்து எடுக்கிற பல்லின் எண்தான் பதிவேட்டில் ஏறும். வெள்ளோட்டச் சீட்டுக்குப் பதிவு கிடையாது. அதை உலைக்குப் பக்கத்துத் தூணில் இருந்த ஆணியில் அவர் குத்தி வைத்துக்கொள்வார். அவள் எழுதிய எண்ணை அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. வாங்குவார், படிப்பார், ஒருமுறை தலையாட்டுவார், போய்விடுவார்.

வினை இரண்டு மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. வாங்கினவர்கள் திருப்பி அனுப்பிய கியர்கள். ஓடிய மூன்றே மாதத்தில் பற்கள் நசுங்கி, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கூடவே ஒரு காகிதம்: ஓடாமல் இருப்பில் இருந்த கியரை வெட்டிப் பார்த்தோம், தோல் பாயின்ட் ஆறு எட்டுதான் இருக்கிறது. இங்கே பதிவேட்டில் பாயின்ட் ஒன்பது ஒன்று என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு வாத்தியார் மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் யோசிப்பார். திரும்பி வந்தவை தேய்ந்த கியர்கள், அவற்றை அளந்து பிரயோஜனமில்லை. ஆனால் அளந்து முடித்த பில்லைகள் ஒவ்வொன்றும் அவள் அலமாரியில் எண் போட்டு இருந்தன. அந்தச் சரக்கின் பில்லையை எடுத்துத் தன் கண் முன்னால் மறுபடி அளக்கச் சொன்னார். அவள் புதிதாக ஒரு வரிசை குத்தினாள். அளந்தாள். பாயின்ட் ஒன்பது ஒன்று. இன்னொரு பில்லை. பாயின்ட் ஒன்பது. எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பில்லை சரி, சரக்கு மோசம் என்றால் நடுவில் ஒரே ஒரு வழிதான் உண்டு. நன்றாக வெந்த ஒரு கியரைத் தனியே ஒதுக்கி அதைச் சாம்பிள் என்று கொடுத்துவிட்டு, அரைவேக்காட்டுச் சரக்கைப் பெட்டியில் ஏற்றியிருக்க வேண்டும். உலையின் நேரமும் சூடும் பதிவாகிற வரைபடத் தாளைப் பிரித்தார்கள். ஐந்து மணி நேரம் வேக வேண்டியது, எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூன்று மணி நேரத்தில் வந்து நின்றிருந்தது. யார் குறைக்கச் சொன்னது என்று கேட்டார்கள். நான்தான் குறைத்தேன் என்றார் அடுப்புக்காரர். ஏன் என்று கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. சாம்பிளை மாற்றினாயா என்று கேட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். விசாரணை முடிகிற வரை உள்ளே வர வேண்டாம் என்று வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். கட்டின புருஷன் என்றுகூடப் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி எழுதினாளே, இவளைப் போல ஒருத்தி உண்டா என்றார்கள். மேலாளரே எழுந்து நின்று நன்றி சொன்னார். அவளுக்கு அது காதில் விழுந்தது, அதற்கு மேல் எங்கேயும் போகவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட தாடை மாதிரி மனசு கனமாக, தொட்டால் தெரியாமல் இருந்தது.

வீட்டில் மூன்று பேர். இவள், இவர், இவருடைய அக்கா. நாத்தனார் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, அது நிலைக்காமல் தம்பி வீட்டோடு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். வெளியே தூறலாகவும் இல்லாமல் வெறித்ததாகவும் இல்லாமல் நாள் முழுக்க ஒரு மூட்டம். காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் போகவில்லை. வேலை இல்லாத அடுப்புக்காரர் சும்மா இருக்கத் தெரியாமல், அவள் எப்போதோ கொண்டுவந்து போட்டிருந்த பழைய உப்புத்தாள்களை எடுத்துச் சமையலறைப் பாத்திரங்களின் அடிக்கரியைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் ஒரு பாத்திரம். பத்து நாளில் பாத்திரமெல்லாம் புதுசு போல அடுக்கில் இருந்தது.

அவளும் அவரும் பேசாமல் இல்லை. குளிக்கத் தண்ணீர் இருக்கா, பால்காரன் வந்தானா, சோறு இன்னும் கொஞ்சம் போடட்டுமா. இவ்வளவு பேச்சு இருந்தது. இதற்குக் கீழே போகவில்லை. மாற்றினீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எண் கண் முன்னால் இருக்கிறது. அவள் சீட்டின்படி மட்டும் நேரத்தைக் குறைத்திருந்தால் தோல் சரியாகத்தானே இருந்திருக்கும். அதற்கு மேலும் குறைத்திருக்கிறார், மறைக்கச் சாம்பிளை மாற்றியிருக்கிறார். சரக்கு சீக்கிரம் இறங்குகிறது என்று மேலாளர் போன வருடம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தட்டலுக்கு ஆசைப்பட்டிருப்பார். எல்லா மனுஷனும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற இந்த மனிதர் யாரோ என்பது போல இருந்தது.

பதினோராம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாத்தனார் கடக்கென்று ஒரு கல்லைக் கடித்தாள். விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

“பருப்புல கல்லு. ஆறு மாசமா இதே கதைதான். உனக்கு அப்புறம் நான் ஒரு தடவை பொறுக்க வேண்டியிருக்கு. இன்னிக்கு மறந்துட்டேன்.”

“வெளிச்சம் பத்தல,” என்றாள் அவள்.

“வெளிச்சம் எனக்கும் அதே வெளிச்சம்தான்.” நாத்தனார் தண்ணீர் குடித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எனக்கு உங்க இரும்பெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். இவ நம்பர் சரின்னா என் தம்பி தப்பு. என் தம்பி தப்பு இல்லன்னா இவ நம்பர் தப்பு. ரெண்டுல எதுன்னு இந்த வீட்டுல யாரும் கேக்க மாட்டேங்கறீங்களே.”

அடுப்புக்காரர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சாப்பிடுக்கா,” என்றார்.

மறுநாள் அளவுக்காரர் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து தொழிற்சாலையில் உள்ள தராசு, அளவுகோல், மானி எல்லாவற்றையும் சோதித்துச் சான்று ஒட்டிவிட்டுப் போகிறவர். குட்டையான மனிதர், எந்நேரமும் மூக்கில் சளி. இரண்டு நாள் தங்கி எல்லாவற்றையும் பார்ப்பார். அவள் இயந்திரத்தின் எடையைப் பார்த்தார், வைரத்தின் முனையைப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு பெட்டியிலிருந்து ஒரு சிறு இரும்புக் கட்டையை எடுத்து, சீட்டு ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மேடையில் வைத்தார். இந்த வருடத்திலிருந்து இயந்திரத்தைப் பார்த்தால் மட்டும் போதாதாம், பார்க்கிற ஆளையும் பார்க்க வேண்டுமாம், மேலிடத்துப் புது உத்தரவு என்று சிரித்தார். கட்டையின் எண்ணைச் சொல்ல மாட்டாராம், அவளே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

அவளும் சிரித்தாள். சங்கு ஊதி, சம்மட்டி நின்றதும் ஐந்து குழி குத்தினாள். ஒவ்வொன்றையும் படித்துச் சொன்னாள். இருபத்தொன்பது புள்ளி ஒன்று, இருபத்தொன்பது, மறுபடி இருபத்தொன்பது புள்ளி ஒன்று. அளவுக்காரர் குறித்துக்கொண்டார். பிறகு தானே உட்கார்ந்து அதே ஐந்து குழிகளையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, இந்தக் கட்டை ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. உங்க கணக்குல அறுநூத்தி ஐம்பத்தேழு வருது. ஒவ்வொரு குழியையும் ஒன்றரை மைக்ரான் குறைச்சுப் படிக்கிறீங்க.”

அப்படி இருக்க முடியாது என்றாள் அவள். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் தன்னிடம் உள்ள சோதனைக் கட்டையில் ஒரு குழி குத்திப் பார்ப்பது அவள் வழக்கம். அதன் எண் எழுநூற்றுப் பதின்மூன்று. நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒரு நாள் தவறாமல் எழுநூற்றுப் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினான்கு, பதின்மூன்று. அன்று காலையிலும் பதின்மூன்று. அளவுக்காரர் நோட்டைப் புரட்டினார், மூடினார். பிறகு வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் குழியைப் பார்க்கும்படி சொன்னார்.

பத்தொன்பது வருடத்தில் இடது கண்ணை அந்தக் குழாயில் அவள் வைத்ததே இல்லை. வைத்தாள். சதுரம் தெரிந்தது. அதன் நாலு மூலையிலும் மயிரிழை போல ஒரு கூர் இன்னும் கொஞ்சம் வெளியே ஓடியிருந்தது. மறுபடி வலது கண்ணை வைத்தாள். கூர் இல்லை. மூலை மழுங்கி, அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

கண்ணில் புரை விழுந்திருக்கும் என்றார் அளவுக்காரர். வலதில் அதிகம், இடதிலும் ஆரம்பித்திருக்கலாம். பயப்பட ஒன்றும் இல்லை, அரைமணி நேர ஆபரேஷன், தன் மச்சானுக்குக்கூடச் செய்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறான். அவர் ஆறுதலாகப் பேசிக்கொண்டே போனார். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் இரண்டு முறை பல்பு மங்கிவிட்டது என்று ஸ்டோரில் சொல்லிப் புது பல்பு வாங்கிப் போட்டிருந்தாள். விளக்கை ஏற்றி ஏற்றி வைத்தாள். பல்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

சோதனைக் கட்டையின் சங்கதியும் அவளுக்குப் புரிந்தது. எழுநூற்றுப் பதின்மூன்று என்றால் திருகு இருபத்தேழு புள்ளி ஒன்பதில் நிற்க வேண்டும். அது கைக்கே தெரியும். காலையில் உட்கார்ந்ததும் கை திருகை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும், கண் அதற்கு ஆமாம் போடும். விடை தெரிந்த கணக்கையே தினமும் போட்டுச் சரி சரி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரையும் ஏமாற்ற அவள் அதைச் செய்யவில்லை. அந்த நோட்டில் இருந்த எண்கள் எல்லாமே நாணயமாக எழுதியவை.

அவள் அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்நூறு இருக்கிற இடத்தை ஐந்நூற்றைம்பது என்று படித்திருக்கிறாள். தோல் முடிந்த பிறகும் தோல் என்று எண்ணியிருக்கிறாள். கனம் கூடிவிட்டது, குறை என்று சீட்டு எழுதினாள். அவர் குறைத்தார். கண் இன்னும் மங்க, மறுபடி சீட்டு. மறுபடி குறைத்தார். ஐந்து மணி நேரத்தை மூன்றுக்கு இறக்கியது அவள் சீட்டுதான். ஒன்றரை மைக்ரான். தலைமயிரை நெடுக்கே நாற்பதாகப் பிளந்தால் ஒரு பங்கு வரும்.

எழுந்து உலைக்கு நடந்தாள். அறுபது தப்படி. அவர் இடத்தில் புதிதாகப் போட்டிருந்த ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், என்னம்மா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். தூணைப் பார்த்தாள். ஆணி இருந்தது, சீட்டு ஒன்றுகூட இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். அண்ணன்தான் கடைசி நாள் போகும்போது எல்லாவற்றையும் உருவி டப்பாவில் போட்டுக்கொண்டு போனார் என்றான் அவன். தன்னைக் காப்பாற்றுகிற சீட்டுகளை எதற்காக ஒருவர் எடுத்து மறைக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

சாயங்காலம் வீடு வந்தபோது முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“சீட்டெல்லாம் எங்கே?” என்று கேட்டாள்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “அரிசி டின்னுக்குப் பின்னாடி.”

“என் கண்ணு போயிடுச்சுங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒன்றரை மைக்ரான் குறைச்சுப் படிக்கிறேனாம்.”

“ஒன்றரையா,” என்றார். அந்த எண் மட்டும்தான் அவருக்குப் புதிது போல.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ ரெண்டாவது தடவை அளந்து அதே நம்பரை எழுதினேல்ல, அப்ப.” உருளைக்கிழங்கைத் திருப்பினார். “நான் மாத்தல. அது எனக்குத் தெரியுமே. அப்ப மிச்சம் என்ன இருக்கு?”

தொழிற்சாலையில் இருநூறு பேர் இருந்தார்கள். அவள் கண் கெட்டுவிட்டது என்பதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் சாம்பிளை மாற்றவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் சத்தியமாகத் தெரியும். இவ்வளவு எளிய கணக்கு அவளுக்குப் பன்னிரண்டு நாளாக வரவில்லை.

“ஏன் சொல்லல?”

“என்னத்தைச் சொல்றது? ஆபீஸ்ல எல்லாரும் நிக்கிறாங்க. அவ கண்ணு சரியில்ல சார்னு சொல்லணுமா? தப்பிக்கிறதுக்குப் பொண்டாட்டி மேல போடறான்னு சொல்லுவாங்க. நம்பினாலும் உன்னைத்தான் வெளிய அனுப்புவாங்க. எனக்கு இந்த அடுப்பு இல்லன்னா இன்னொரு அடுப்பு. உனக்கு அந்த மெஷின விட்டா என்ன தெரியும்?”

“வீட்டுல சொல்லியிருக்கலாம்ல. என்கிட்ட.”

அவர் அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். தையல் இயந்திரம் நின்றிருந்தது.

“அன்னிக்கு நீ வந்ததும் கேப்பேன்னு நினைச்சேன். மாத்துனீங்களான்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். இல்லன்னு சொன்னா நீயே மிச்சத்தைக் கண்டுபிடிச்சிருப்ப. நீ கேக்கல. கை கால் கழுவிட்டுச் சோறு போட்ட. மறுநாளும் கேக்கல.” மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். “சரி, இவளுக்குச் சந்தேகமே இல்லன்னு தெரிஞ்சுது. அப்புறம் நானா எதைச் சொல்றது.”

அழுதால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், அழுகை வரவில்லை. இன்னொரு கத்தியை எடுத்து வந்து கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தோல் சீவினாள். நாத்தனார் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், இரண்டு பேரையும் பார்த்தாள், போய் மறுபடி இயந்திரத்தை மிதித்தாள்.

காலையில் அவள் சீட்டுக்கட்டோடு நேரே மேலாளர் அறைக்குப் போனாள். தன் கண் மங்கிவிட்டது, எட்டு மாத எண்கள் தப்பு, அவர் நேரத்தைக் குறைத்தது தன் சீட்டைப் பார்த்துத்தான் என்று நின்றபடியே சொன்னாள். மேலாளர் சீட்டுகளைத் தொடவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் எழுந்து நின்று நன்றி சொன்ன அதே மனிதர் இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அம்மா, உங்க மேல எனக்குப் பெரிய மரியாதை. அதைக் கெடுத்துக்காதீங்க. வீட்டுக்காரரைக் காப்பாத்தறதுக்குக் கண்ணுமேல பழி போடறீங்க. நாளைக்கு முடிவு எழுதப்போறோம்னு தெரிஞ்சு வந்திருக்கீங்க.”

உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அடுப்புக்காரர் சொன்ன அந்த ஒரு ‘இல்லை’யை நினைத்துக்கொண்டாள். என் பேச்சு வேண்டாம் சார், அளவுக்காரர் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார், பில்லைகளை அவரைப் படிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. சம்மட்டி நின்றது. அளவுக்காரர் உட்கார, மேலாளர் பின்னால் நிற்க, அவள் அலமாரியிலிருந்து பில்லைகளை எடுத்து ஒவ்வொன்றாக மேடையில் வைத்தாள். பாயின்ட் ஒன்பது ஒன்று என்று அவள் எழுதிய பில்லை பாயின்ட் ஆறு ஒன்பது என்று வந்தது. அடுத்ததும் ஆறு எட்டு. மூன்றாவது ஏழு. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். அவள் பதிவேட்டைத் திறந்து தன் பழைய எண்களின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் புது எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

போன சரக்கையெல்லாம் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார்கள். பத்து நாள் தொழிற்சாலை முழுக்க அதே பேச்சு. அடுப்புக்காரரை மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார் என்று கேள்வி. அவளை வெளியே அனுப்பவில்லை. ஆனால் இயந்திரத்தில் இனி உட்கார வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து பார்க்கலாம் என்று சொன்னபோதே, பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். கியருக்கு எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, பெட்டியில் அடுக்குகிற வேலை. அதற்குக் கண் அதிகம் வேண்டாம். வைரக்காரி என்ற பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. இயந்திரத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். சோதனைக் கட்டைகளை இப்போது சீட்டு ஒட்டாமல் ஐந்து வைத்திருக்கிறார்களாம், எதன் எண் என்ன என்று மேலாளருக்கு மட்டும்தான் தெரியுமாம்.

புது வேலையில் முதல் நாள் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகள் தாமாகவே எதையோ தேடின. எல்லோரும் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளும் எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனாள். உலைக்குப் பின்னால் சுவரோரம் ஒரு மரப்பலகை இருந்தது. அவர் அங்கே உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

சோறு, பருப்பு, பொரித்த உருளைக்கிழங்கு. வீட்டில் ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு டப்பாவிலும் அவளே போட்டது. உலைக்கதவிலிருந்து சூடு முதுகில் பட்டது. பத்தொன்பது வருட வேலையில் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிற முதல் மதியச் சாப்பாடு. அவர் சாப்பிட்டுக்கொண்டே அவள் டப்பாவை ஒருமுறை பார்த்தார். கை நீட்டிப் பருப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார்.

“கேளுங்க.”

“நான் மாத்தியிருப்பேன்னு எத்தனை நாள் நம்புன?”

அவள் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே விட்டாள். நாலைந்து நாள்தான் என்று சொல்லலாம். முதலில் நம்பவில்லை, பிறகுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லலாம். அவருக்கும் அது போதும் என்றுதான் இருந்திருக்கும். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். நாட்களை எண்ணினாள்.

“பன்னெண்டு நாள்,” என்றாள். “முதல் நாள்லேர்ந்து.”

அவர் சரியாக எண்ணினாயா என்று கேட்கவில்லை. ஜன்னல் வழியே சீட்டை வாங்கும்போது ஆட்டுவது போல ஒருமுறை தலையாட்டினார். பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். ஒன்றரைக்குச் சங்கு ஊதி, சம்மட்டி அடிக்கத் தொடங்கியது.